அவருக்கு ஒத்துக்கொள்ளாத ஊர்

அம்மன் கோயிலில் திரை இன்னும் விலகவில்லை. உள்ளே ஆத்தாளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் சளக் சளக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. தனபாக்கியம் மடியில் இரண்டு காகிதப் பொட்டலங்களை வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் திரையைப் பார்த்தாள், திரையில் பூனைக்காலி மாதிரி ஏதோ ஒரு கொடி அச்சடித்திருந்தது, அந்தக் கொடியின் நுனியைப் பிடித்துக்கொண்டே போனால் மறுபடி மடிக்கு வந்துவிடுகிறது கண். சின்னப் பொட்டலம்தான், மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மிஞ்சிய கோடு போட்ட நோட்டுத் தாள், மேலே தறி நூல். எடை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் தொடை மரத்துப் போகிறதே. கீழே படிக்கட்டில் அவள் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். பதினோரு படிதான், அதில் நாலாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார், "நீ போ புள்ள, நான் சித்தெ மூச்சு வாங்கிட்டு வாறேன்" என்று. மூச்சு வாங்குகிற ஆள் பேசாமல் இருக்க வேண்டுமே, அதுதான் இல்லை. செருப்புக் காவல் பார்க்கிற அருக்காணியிடம் கதை ஓடிக்கொண்டிருந்தது. "போனஸ் ஐரிஸுன்னு ஒரு ஊருங்க அருக்காணி." "போனசா? அது தீவாளிக்குத்தான குடுப்பாங்க." "அடப் போ. பியூனஸ் ஐரிஸ். அர்ஜென்டினாவுக்குத் தலைநகரம். ரோடு அப்படியே நம்ம ஏரி மாதிரி அகலம். மேடு பள்ளமே கிடையாது. புருசனும் பொண்டாட்டியும் தெருவுலயே கட்டிப் புடிச்சு ஆடுவாங்களாம், நின்னு பார்க்கறவன் கை தட்டுவானாம்." "அப்ப நீங்களும் அக்காளும் ஆடுவீங்களாக்கும்?" "என்ற நெஞ்சுக்கூடு ஆடறது பத்தாதா?" அருக்காணி சிரித்தாள், அவரும் சிரித்தார், சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது, இருமலை அவள் எண்ணினாள். ஆறு. ஏழு. எட்டோடு நின்றது. எண்ண வேண்டும் என்று எண்ணுவதில்லை. அது தானாக எண்ணுகிறது.

மகள் வாணி சிலி நாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள், சாண்டியாகோ என்கிற ஊரில், மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில். அங்கே அப்பன் ஆத்தா போய்த் தங்க இடமில்லை. அதனால்தான் அவள் சொன்னாள், எனக்குப் பத்து நாள் லீவு, பக்கத்து நாட்டில் ஏதாவது ஒரு ஊரில் வீடு எடுக்கிறேன், நீங்கள் நேரே அங்கே வந்து இறங்குங்கள், எந்த ஊர் என்று நீங்களே சொல்லுங்கள் என்று. இரண்டு ஊர் சொன்னாள், இரண்டுக்கும் வீடியோ அனுப்பினாள். ஒன்று அவர் அருக்காணியிடம் அளந்துகொண்டிருக்கிற ஊர். மற்றது லாபாஸ். பொலிவியா நாட்டில், பேருக்கு வேறொரு தலைநகரம் இருந்தாலும் ராஜாங்கம் நடக்கிறது இங்கேதானாம், பன்னிரண்டாயிரம் அடி உயரம், வடைச்சட்டிக்குள் வீடுகளை அள்ளிக் கொட்டின மாதிரி ஒரு ஊர். பஸ்ஸுக்குப் பதிலாக மேலே கம்பியில் பெட்டி ஓடுகிறது, வேலைக்குப் போகிற பொம்பளைகள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு கூரைகளுக்கு மேலே போகிறார்கள், இரட்டைச் சடை, தலையில் தொப்பி, அடுக்கடுக்காகப் பாவாடை, ஒருத்திக்கு இவள் வயதுதான் இருக்கும், அறுபது, பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வீடியோ இரண்டு நிமிஷம்தான். அந்தப் பொம்பளை வருகிறது நாலு நொடி. அந்த நாலு நொடியைத் தனபாக்கியம் அடுப்படியில் நின்றுகொண்டு எத்தனை தடவை பார்த்தாளோ. அந்தப் பொம்பளைக்கும் வீட்டில் ஒரு ஆள் இருக்கலாம். இருந்தால் என்ன, பெட்டி தரையைத் தொடுகிற வரைக்கும் அவன் கூப்பிட்டால் கேட்காது.

உயரம் அவருக்கு ஆகாது. அது டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னே ஊட்டிக்குப் போனபோது ஏரிக்கரையில் உதடு நாவப்பழக் கலரில் மாறி, கூட வந்தவர்கள் எல்லாரும் படகு விடப் போயிருக்க, இவள் மட்டும் அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டு, யாரோ ஒரு டாக்ஸிக்காரனைக் கும்பிட்டு, அப்படியே கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். குன்னூர் தாண்டியதும் சிரித்தார், "ஊட்டியை நல்லாப் பார்த்தயா புள்ள?" என்று. அவள் பார்த்தது அவர் உதட்டைத்தான். போன மாசம் டாக்டரிடம் இவளே கேட்டாள், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு: "சார், பன்னிரண்டாயிரம் அடின்னா இவருக்கு முடியுமுங்களா?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, ஆளைத் திருப்பிக் கூட்டிட்டு வர வேண்டாமா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள், டாக்டருக்குக் கூடப் பாவமாக இருந்திருக்கும். ஆனால் உள்ளே, அடி வயிற்றுக்குப் பக்கத்தில் எங்கேயோ, ஒரு சின்ன மூடி டப்பென்று திறந்த மாதிரி, அது என்ன, அது சந்தோஷம்தானா, சந்தோஷத்துக்கு அந்த இடத்தில் என்ன வேலை. முடியாது என்று டாக்டர் சொன்ன வார்த்தையை அவள் பஸ்ஸில் வீடு வரைக்கும் வெல்லக்கட்டி மாதிரி கன்னத்தில் அதக்கிக்கொண்டே வந்தாள். சே. பக்கத்து சீட்டில் அவர் இவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்.

கெட்ட மனுஷனாக இருந்தால் ஒன்றும் தொந்தரவில்லை. கை நீட்டுகிறவன், குடிக்கிறவன் என்றால் பத்து நாள் என்ன, பத்து வருஷம் கூடத் தலைமுழுகிவிட்டுப் போகலாம், ஊரே கூட நிற்கும். இவர் அப்படியில்லையே. கூப்பிடுவார், அவ்வளவுதான். "ஏம் புள்ள" என்று. கண்ணாடி எங்கே புள்ள, வெந்நீர் வெச்சயா புள்ள, இக்கட்டால, எம் பக்கத்துல வந்து உக்காரு புள்ள, ஒண்ணுமில்ல, சும்மாத்தான் கூப்பிட்டேன். குளிக்கிற இடத்தில் இரண்டு சொம்பு ஊற்றுவதற்குள் ஒரு "ஏம் புள்ள". பக்கத்து வீட்டு வாசலில் நின்று பேசினால் ஒரு "ஏம் புள்ள". முப்பத்தெட்டு வருஷத்தில் அவளை விட்டுவிட்டு அவர் ஒரு வாய் டீ குடித்ததில்லை, அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லும், அருக்காணி கூட "எனக்கெல்லாம் அப்படி ஒருத்தன் வாய்க்கலியே" என்பாள். வாய்த்ததைத்தான் இவள் மடியில் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் அவர் கேன்வாஸ் பூட்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார், வெள்ளைக் கலர், நடைக்கு. சமதளத்தில் மெதுவாக நடந்தால் டாக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று காலையிலும் பொழுதோடும் வாசலில் பூட்ஸ் போட்டு நடந்து பழகினார், வேட்டிக்குக் கீழே வெள்ளைப் பூட்ஸ், பத்து அடி போய்த் திரும்பிப் பத்து அடி. "எப்படி புள்ள இருக்குது?" நல்லாருக்குதுங்க மாமா. அந்தப் பூட்ஸை நினைக்கக் கூடாது. திரையில் இருக்கிற கொடியைப் பார்.

அந்த நெஞ்சை யார் கெடுத்தது என்று ஒரு கேள்வி இருக்கிறது. அது இன்றைக்கு வராது என்று நினைத்தாள், கோயிலில் எதற்கு வரப் போகிறது, ஆனால் தண்ணீர் சத்தம் நின்று உள்ளே மணியைத் துடைக்கிற சத்தம் வந்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. எட்டுத் தறி ஓடின கொட்டகை. கூரைக் கம்பியெல்லாம் பஞ்சுத் தூசி தாடி விட்டுத் தொங்கும், சோற்றில் தூசி, தலையில் தூசி, அவர் இருமித் துப்பினால் நூல் நூலாக வரும். பதினஞ்சு வருஷத்துக்கு முன்னேயே அவர் சொன்னார், கையைக் கழுவிக்கொண்டே, சாதாரணமாக: "தறியை நிறுத்திப் போடலாமா பாக்கியம், முடியல." வாணி அப்போது பத்தாவது. இவள்தான் சொன்னாள், இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுங்க மாமா, அவ காலேஜ் முடிக்கட்டும். சரி என்றார். ஒரு சொல் திருப்பிப் பேசவில்லை. ஏழு வருஷம் ஓட்டினார். அந்த ஏழு வருஷத் தூசிதான் இப்போது அங்கே உட்கார்ந்திருக்கிறது, வாணி அந்தத் தூசியில் ஏறித்தான் சிலிக்குப் போனாள், நான் அந்தத் தூசியைச் சாக்காக வைத்துக்கொண்டு அவரை விட்டுவிட்டு மலைக்குப் போகப் பார்க்கிறேன். நெஞ்சை அடைத்ததும் நான், அடைத்த நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாத ஊரைத் தேடிப் பிடித்ததும் நான். இதை யாரிடம் சொல்ல. மகளிடமா. அவள் "லாபாஸ்தான் அழகும்மா, ஆனா அப்பாவுக்கு ஒத்துக்காதுன்னா வேண்டாம்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். இவளும் "ஆமாம் அம்மிணி, அப்பா இல்லாம எப்படி" என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். முடிய விடாதது அவர்தான். இவள் போனில் அந்த மலை ஊரைப் பார்ப்பதை எப்படியோ பார்த்திருக்கிறார். முந்தாநாள் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, "உனக்கு அந்த உசரத்து ஊர்தான ஆசை?" என்றார். "அதெல்லாமில்லீங்க." "இருந்தாச் சொல்லு. நான் தங்கச்சி வீட்ல பத்து நாள் இருந்துக்குவேன். கஞ்சி ஊத்த மாட்டாளா என்ன." "அட, பேசாம சாப்பிடுங்க." அவர் கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, "நீயும் சொல்ல மாட்ட, நானும் போன்னு சொன்னா நீ போக மாட்ட. ஆத்தாகிட்டப் பூக் கேட்டுருவோம்" என்றார். கிணறு வெட்ட, பெண் கட்ட, தறி போட, எதற்கும் இந்த ஊரில் பூக் கேட்பதுதான் வழக்கம். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் மலை ஊர், இவள் மட்டும். வெள்ளை வந்தால் ஏரி மாதிரி ரோடு, இரண்டு பேரும் ஒட்டுக்கா. கட்டினவர் எடுக்கக் கூடாது. எடுத்த பொட்டலத்தை மட்டும்தான் பிரிக்க வேண்டும், எடுக்காததைப் பிரிக்கவே கூடாது, ஆத்தா வேண்டாம் என்று ஒதுக்கினதை எட்டிப் பார்க்க நமக்கு உரிமை கிடையாது, அதை அப்படியே கொண்டுபோய் வீட்டுக் கிணற்றில் போட்டுவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இந்த வழக்கத்தில் இப்படி ஒரு சந்து இருப்பது இத்தனை காலமாக யாருக்காவது தோன்றியிருக்குமா, இல்லை எனக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியதா.

விடிந்ததும் வேலியோரம் போய்ப் பறித்தாள். சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. சிவப்பை மடித்தாள், நூல் சுற்றினாள். வெள்ளையைத் தாளில் வைத்தாள். வைத்தாள், அது நிச்சயம், நன்றாகப் பனி ஈரத்தோடு இருந்தது, ஒரு எறும்பு கூட இருந்தது, எறும்பை ஊதினாள். அப்போது உள்ளேயிருந்து "ஏம் புள்ள" என்று சத்தம் வந்தது. வாறேனுங்க என்றாள். அந்த வாறேனுங்க சொல்லி முடிப்பதற்குள் கை வெள்ளையை எடுத்து வேலிக்குள் போட்டுவிட்டு இன்னொரு சிவப்பைப் பறித்துத் தாளில் வைத்து மடித்துவிட்டது. கைதான். நான் இல்லை என்று சொல்லலாமா. ஆத்தாளிடம் போய்க் கைமேல் பழி போட முடியுமா. இரண்டிலும் சிவப்பு. எதை எடுத்தாலும் சிவப்பு. இன்னும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை, திரை விலகவில்லை, அதோ கம்பியில் ஆத்தாளுக்குக் கட்டின வெள்ளரளிச் சரம் தொங்குகிறது, எட்டி ஒரு பூவைக் கிள்ளி, ஒரு பொட்டலத்தைப் பிரித்து மாற்றிக் கட்டினால் தீர்ந்தது, யாரும் பார்க்கவில்லை, அரை நிமிஷம். மாற்றிவிடு பாக்கியம். மாற்றிவிட்டால் ஆத்தா விட்ட வழி, பாதிக்குப் பாதி. பாதிக்குப் பாதி என்றால் பாதி "ஏம் புள்ள". பத்து நாளும் அகல ரோட்டில் வெள்ளைப் பூட்ஸுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து, இருமலை எண்ணிக்கொண்டு. அதற்கென்ன, இத்தனை வருஷம் எண்ணவில்லையா, பத்து நாளில் என்ன கெட்டுவிடும். எழுந்திரு. எழுந்தாள். தூணைப் பிடித்து எழுந்து, சரத்துக்குக் கையை நீட்டி, விரல் நுனியில் ஒரு இதழ் குளிர்ச்சியாகப் பட்டபோது, சரக்கென்று திரை விலகியது. மணி அடித்தது. பின்னால் அவர் மேல்படி ஏறி வந்து தோளில் கை வைத்தார். "பூ எட்டலயா புள்ள? நான் எடுத்துக் குடுக்கட்டா?"

பூசாரி விபூதியோடு வந்தார். "ரெண்டும் சரியாக் கட்டியாச்சா அம்மிணி?" கட்டியாச்சுங்க என்றாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது. தட்டில் இரண்டையும் வாங்கி ஆத்தாள் காலடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டு வந்து நீட்டினார். "என்ன கேக்கறீங்கன்னு வாய் விட்டுச் சொல்லிட்டு எடுப்பா." தெய்வசிகாமணி கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "ஆத்தா, ரெண்டு ஊர் இருக்குது. ஒண்ணுல நான் மூச்சு விடலாம். ஒண்ணுல இவ மூச்சு விடுவா. எதுன்னு நீ பார்த்துச் சொல்லு" என்றார். அவர் கை தட்டுக்கு மேலே வந்தது, ஒன்றின் மேல் நின்றது, வேண்டாம் என்று நகர்ந்து மற்றதின் மேல் நின்றது, மறுபடி திரும்பியது, விரல் இரண்டையும் தொட்டுத் தொட்டு விலகியது. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தெரியாத அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க, அவள் ஒரு காரியம் செய்தாள், அவளே எதிர்பார்க்காதது. வேண்டிக்கொண்டாள். ஆத்தா, வெள்ளையாக வரட்டும். வெள்ளையே இல்லாத தட்டைப் பார்த்துக்கொண்டு, உயிரைக் கொடுத்து வேண்டிக்கொண்டாள். நீ மாற்ற நினைத்தால் மாற்ற மாட்டாயா, என் கை செய்ததை உன் கை கலைக்காதா. அவர் எடுத்தார். பூசாரி நூலைப் பிரித்தார். சிவப்பு.

அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான். பிறகு சிரித்துக்கொண்டே அந்தப் பூவை அவள் தலையில் வைத்துவிட்டார், "ஆத்தா சொல்லிட்டா. ஆத்தாளே சொன்ன பொறகு இனி எனக்கு வெசனமில்ல" என்றார், மற்றப் பொட்டலத்தைக் கிணற்றில் போடுவதற்காகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், படி இறங்கும்போதே அருக்காணியிடம் ஆரம்பித்துவிட்டார்: "என்ற பொண்டாட்டி போறது பன்னெண்டாயிரம் அடி. பஸ்ஸெல்லாம் ஆகாசத்துலதான்." "அப்ப உங்களுக்கு டான்ஸு?" "அது அடுத்த ஜென்மத்துக்கு." மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து அவள் எப்போதும் போல அவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடித்தால் விரலுக்கு நாலு அங்குலத்தில் அந்தப் பை. எடுத்து விடலாம். காற்றில் போட்டுவிடலாம், விழுந்துவிட்டது என்று சொல்லலாம். பொய்க்குப் பொய் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. கை போகவில்லை. காலையில் கேட்காமல் வேலை செய்த கை இப்போது சொன்னாலும் கேட்காமல் கிடந்தது. அவர் வண்டி ஓட்டிக்கொண்டே, தங்கச்சி வீட்டில் தக்காளி ரசம் நன்றாக இருக்கும், அது போதும், என்று காற்றோடு பேசிக்கொண்டு வந்தார், காற்றும் பேச்சும் சேர்ந்து நெஞ்சை இழுத்தது, டீக்கடை வந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சுக்கு இழுக்கிற மருந்துக் குழலை எடுக்கப் பைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது கூடவே பொட்டலமும் வந்தது. வேர்வையில் நைந்து, தாள் கிழிந்து, குழலின் வாயில் ஒரு இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு இதழ். அவர் அதைப் பார்த்தார். அவள் தலையில் இருந்த பூவைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை, இதழை மட்டும் பார்த்தார். பிறகு கட்டை விரலால் அதைத் துடைத்துவிட்டு, குழலை வாயில் வைத்து அழுத்தி இழுத்தார். இழுத்தால் பத்து எண்ணுகிற வரைக்கும் மூச்சை அடக்க வேண்டும், பேசக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒன்று. இரண்டு. அவள் எண்ணினாள். சொல்லிவிடு இப்போது, அவர் பேச முடியாது, நீ பேசலாம், மாமா நான்தான் என்று ஆரம்பித்தால் போதும். நாலு. ஐந்து. டீக்கடைக்காரர் பாலை உயர்த்தி ஆற்றிக்கொண்டிருந்தார். ஏழு வருஷம் ஓட்டச் சொன்னபோதும் இப்படித்தானே வாயை மூடிக்கொண்டு சரி என்றார். எட்டு. ஒன்பது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, அது அடக்கின மூச்சால் வருகிறதுதான், எப்போதும் வரும். பத்து. மூச்சை விட்டார். கிழிந்த பொட்டலத்தை நசுக்கி உருட்டிச் சாக்கடையில் போட்டார்.

"அங்க குளுருமாமே" என்றார். "மார்கழிக்குப் போடற என்ற கம்பளிச் சட்டையை எடுத்துட்டுப் போ."

அவர் போனை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "புள்ள அங்க தூங்காமக் காத்துட்டு இருப்பா. போட்டுச் சொல்லீரு. நீயே சொல்லு." சொல்லிவிட்டு டீ வாங்க எழுந்து போனார், வெள்ளைப் பூட்ஸைத் தரையில் இழுத்து இழுத்து.

முதல் மணியிலேயே வாணி எடுத்துவிட்டாள். "அம்மா! எது வந்துச்சு?"

"லாபாஸ்" என்றாள் தனபாக்கியம். குரல் கொஞ்சமாவது நடுங்கும் என்று நினைத்தாள். நடுங்கவில்லை.

"அய்யோ, அப்ப அப்பா? அப்பாவுக்கு வருத்தமா? என்ன சொல்றாரு?"

அவர் இரண்டு கையிலும் இரண்டு கிளாஸோடு, சிந்தாமல், சுடச்சுட, அவளைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

"சட்டை எடுத்துட்டுப் போகச் சொல்றாரு" என்றாள்.